மேகத்தில் வைப்பதா, பெட்டியில் வைப்பதா?



உங்கள் வீட்டுப் பரண் மீதோ, கட்டிலுக்கு அடியிலோ ஒரு பழைய தகரப் பெட்டி இருக்கிறதா? பெருந்துறையைச் சுற்றியுள்ள கிராமங்களில் அப்படியொரு பெட்டி இல்லாத வீடு குறைவு. மூடியைத் திறந்தால் அந்துருண்டையின் மணம் வீசும். உள்ளே நிலப் பத்திரம், பட்டா, குடும்ப அட்டை, ஓரம் மடங்கிய ஒரு திருமணப் புகைப்படம், எப்போதோ யாரோ எழுதிய நான்கைந்து கடிதங்கள். வீட்டில் தீப்பிடித்தால் முதலில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய பொருள் எது என்று கேட்டால், வீட்டிலுள்ள அனைவரும் இந்தப் பெட்டியைத்தான் காட்டுவார்கள்.

இன்று அந்தப் பெட்டி எங்கே போயிற்று? உங்கள் அப்பாவின் சட்டைப் பையில், கைபேசியாக இருக்கிறது. தங்கை முதன்முதலாக நடந்த காட்சி, அண்ணன் திருமணப் படங்கள், நீங்கள் கணினியில் தட்டெழுதிய அறிவியல் கண்காட்சிக் கட்டுரை, பாட்டி அனுப்பிய குரல் செய்தி எல்லாம் அதற்குள் அடக்கம். தகரப் பெட்டி தொலைந்துவிடுமோ என்று பூட்டுப் போட்டோம். கைபேசிப் பெட்டிக்கு என்ன செய்திருக்கிறோம்?

இந்தக் கேள்விக்கு இரண்டு விடைகள் சொல்லப்படுகின்றன. "ஒரு ஹார்டு டிஸ்க் வாங்கி அதில் எல்லாவற்றையும் படி எடுத்து வை" என்பது ஒன்று. "கிளவுட் எனப்படும் மேகச் சேமிப்பில் போட்டுவிடு, கவலையே வேண்டாம்" என்பது மற்றொன்று. இவற்றுள் எது சரி? என் கருத்தைச் சொல்லுமுன், நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

நான் தொலைத்த குரல்

என் அப்புச்சி ஒரு விவசாயி. கொங்கு நாட்டில் அம்மாவின் தந்தையை நாங்கள் அப்படித்தான் அழைப்போம். மாடு கட்டிக் கவலை இறைத்துத் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சிய காலத்தைக் கண்டவர். மாட்டை எப்படிப் பின்னோக்கி நடக்கப் பழக்குவது, தோல் சாலை எப்படித் தைப்பது, இறைக்கும்போது என்ன பாடுவது என்பதையெல்லாம் ஒருநாள் மாலை அவர் சொல்லச் சொல்ல, என் கைபேசியில் நாற்பது நிமிடம் ஒலிப்பதிவு செய்தேன். அடுத்த ஆண்டு அவர் காலமானார்.

அதற்குப் பிறகு ஒருநாள், கீழ்பவானி வாய்க்காலில் கை கழுவக் குனிந்தபோது கைபேசி சட்டைப் பையிலிருந்து நழுவி நீரில் போய்விட்டது. நான் பதறவில்லை. "எல்லாம்தான் மேகத்தில் ஏறியிருக்கிறதே" என்று துணிவாக இருந்தேன். புதிய கைபேசி வாங்கி, கணக்கைத் திறந்ததும் புகைப்படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக வந்து நின்றன. அம்மா அருகில் வந்து, "அப்புச்சி பேசுனதை ஒருக்காப் போடு கண்ணு" என்றார். தேடினேன். இல்லை. நான் நம்பியிருந்த ஏற்பாடு புகைப்படங்களையும் நிகழ்படங்களையும் மட்டுமே மேலேற்றும், ஒலிப்பதிவுகளை ஏற்றாது. அமைப்புகளில் அது தெளிவாகவே எழுதப்பட்டிருந்தது. நான்தான் படிக்கவில்லை.

குறை மேகத்தினுடையது அன்று, என்னுடையது. "எங்கோ இருக்கிறது" என்று நம்பியதுதான் அந்தக் குறை. இந்த நம்பிக்கையை உங்களிடமிருந்து அகற்றுவதே இக்கட்டுரையின் நோக்கம். முதலில் இரு கருவிகளையும் சற்று நெருங்கிப் பார்ப்போம்.

வன்தட்டு எப்படி நினைவில் வைக்கிறது?

ஹார்டு டிஸ்க் எனப்படும் வன்தட்டின் உள்ளே, காந்தத் தன்மையுள்ள மெல்லிய படலம் பூசிய வட்டத் தட்டுகள் உள்ளன. அவை நிமிடத்துக்கு 5,400 முறையோ 7,200 முறையோ சுழல்கின்றன. தட்டின் மீது கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறு பகுதிகள் ஒரு திசையிலோ எதிர்த் திசையிலோ காந்தமாக்கப்படுகின்றன. அந்தத் திசைகளே 0, 1 என்னும் இலக்கங்களாகப் படிக்கப்படுகின்றன. படிக்கும் முனை தட்டைத் தொடுவதில்லை. தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்து செல்கிறது. ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்குகளாக்கினால் அதில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். உங்கள் தலைமுடியின் தடிமன் பல்லாயிரம் நானோமீட்டர் என்றால், அந்த இடைவெளி எத்தனை நுண்ணியது என்று எண்ணிப் பாருங்கள்!

1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டில் ஐம்பது பெரிய தட்டுகள் இருந்தன. ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள அந்த எந்திரம் 50 இலட்சம் எழுத்துகளை மட்டுமே தாங்கியது. இன்று சட்டைப் பையில் அடங்கும் 1 டெராபைட் வன்தட்டு ஓர் இலட்சம் கோடி எழுத்துகளைத் தாங்குகிறது. வியக்கத்தக்க வளர்ச்சிதான். ஆனால் சுழலும் எந்திரம் எதுவாயினும் ஒருநாள் தேயும். ஓடிக்கொண்டிருக்கும்போது மேசையிலிருந்து கீழே விழுந்தால், மிதக்கும் முனை தட்டில் மோதி வழித்துவிடும். மின்சாரம் திடீரென எகிறினால் உள்ளிருக்கும் மின்சுற்று கருகும்.

அப்படியானால் சுழலாத பென் டிரைவில் வைக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். பென் டிரைவிலும் மெமரி கார்டிலும் இருப்பது ஃபிளாஷ் நினைவகம். ஜப்பானியப் பொறியாளர் ஃபுஜியோ மசுவோகா 1980களில் உருவாக்கியது. நுண்ணிய சிறைகளில் எலெக்ட்ரான்களை அடைத்து வைப்பதே இதன் தத்துவம். அசையும் உறுப்பு இதில் இல்லை. விழுந்தாலும் பெரும்பாலும் தாங்கும். ஆனால் மின்சாரம் தராமல் ஆண்டுக்கணக்கில் மேசை அறையில் போட்டு வைத்தால், சிறைப்பட்ட எலெக்ட்ரான்கள் சிறிது சிறிதாகக் கசியும். வெப்பம் மிகுந்தால் கசிவும் மிகும். சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டுக்குள் வெப்பம் எவ்வளவு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே கோப்புகளை ஓரிடத்திலிருந்து ஓரிடத்துக்கு எடுத்துச் செல்லப் பென் டிரைவ் ஏற்றது. பல்லாண்டு காப்பதற்கு ஏற்றதன்று.

மேகம் எங்கே இருக்கிறது?

"மேகம்" என்ற சொல்லைக் கேட்டதும் வானத்தை அண்ணாந்து பார்க்காதீர்கள். அது தரையில்தான் இருக்கிறது. பெரிய கட்டடங்கள், அவற்றுள் வரிசை வரிசையாகக் கணினிகள், அவற்றுள்ளும் இருப்பவை நாம் மேலே கண்ட அதே வன்தட்டுகளும் ஃபிளாஷ் நினைவகங்களும்தான். இக்கட்டடங்களுக்குத் தரவு மையம் என்று பெயர். சென்னையில் சிறுசேரி, அம்பத்தூர் ஆகிய இடங்களில் இத்தகைய மையங்கள் உள்ளன. ஓயாத மின்சாரம், ஓயாத குளிரூட்டல், இரவும் பகலும் காவல். சுருங்கச் சொன்னால், மேகம் என்பது வேறொருவருடைய வன்தட்டு. அதை நாம் வாடகைக்கு எடுத்திருக்கிறோம்.

வாடகைக்கு எடுப்பதில் பெரும் நன்மை உண்டு. அங்கே ஒரு தட்டு பழுதானால் நமக்குத் தெரியவே தெரியாது. ஏனெனில் நம் கோப்பு ஒன்றுக்கு மேற்பட்ட தட்டுகளில் பிரித்தும் பெருக்கியும் வைக்கப்பட்டிருக்கிறது. அமேசான் நிறுவனம் 2006இல் தொடங்கிய எஸ்3 என்னும் சேமிப்புச் சேவை, 99.999999999 சதவீத நிலைப்புக்காக வடிவமைக்கப்பட்டது என்று அந்நிறுவனம் கூறுகிறது. அதாவது ஒரு கோடிக் கோப்புகளை அங்கே வைத்தால், சராசரியாகப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு ஒரு கோப்புதான் கெடும் என்று எதிர்பார்க்கலாம். எந்த வீட்டு வன்தட்டும் இதற்கு ஈடாகாது.

ஆனால் இந்தக் கணக்கு எதைச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். நீங்கள் கடவுச்சொல்லை மறந்தால் என்ன ஆகும்? வேறொருவர் அதைத் திருடினால்? வாடகை கட்டத் தவறினால்? நிறுவனமே விதியை மாற்றினால்? தட்டு கெடாமல் இருக்கும். கோப்பும் கெடாமல் இருக்கும். உங்கள் கைக்குத்தான் வராது. கூகுள் ஃபோட்டோஸ் சேவையில், உயர்தரம் என்ற அளவுக்குச் சுருக்கிய படங்களை 2015 முதல் எத்தனை வேண்டுமானாலும் இலவசமாக வைக்க முடிந்தது. 2021 ஜூன் 1 முதல் ஏற்றும் படங்களுக்கு அந்தச் சலுகை நின்றது. இரண்டாண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்ற விதியையும் அந்நிறுவனம் 2023இல் அறிவித்தது. இவற்றை ஏமாற்று என்று சொல்லமாட்டேன். முன்கூட்டியே அறிவித்துத்தான் செய்தார்கள். வாடகை வீட்டில் விதியை வகுப்பவர் வீட்டுக்காரர் என்பதை நாம்தான் மறந்துவிடுகிறோம்.

மற்றொரு மயக்கமும் உண்டு. கைபேசியையும் மேகத்தையும் ஒத்திசைத்து வைத்திருந்தால், கைபேசியில் நீங்கள் அழிக்கும் கோப்பு மேகத்திலும் அழியும். சில வாரங்கள் குப்பைத் தொட்டியில் கிடந்துவிட்டு, பிறகு நிலையாகவே போய்விடும். ஒத்திசைவு என்பது கண்ணாடியைப் போன்றது. முகத்தில் கரி பூசினால் கண்ணாடியிலும் கரிதான் தெரியும். கண்ணாடியைக் காப்புப்படி என்று எண்ணிவிடக் கூடாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

உங்கள் குடும்பப் படங்களும் நிகழ்படங்களும் 100 கிகாபைட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வீட்டு இணையம் விநாடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் மேலேற்றுகிறது என்போம். ஒரு பைட்டுக்கு 8 பிட். 100 கிகாபைட் என்பது 8 இலட்சம் மெகாபிட். அதைப் பத்தால் வகுத்தால் 80,000 விநாடி. அதாவது 22 மணி நேரத்துக்கும் மேல். அதே கோப்புகளை விநாடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் எழுதும் வன்தட்டில் படி எடுக்க 1,000 விநாடி போதும். ஏறத்தாழ 17 நிமிடம். திரும்ப எடுக்கும்போதும் வேறுபாடு இப்படித்தான் இருக்கும்.

செலவையும் பார்க்கலாம். மாதம் 130 ரூபாய் மேக வாடகை என்று வைத்துக்கொண்டால், பத்தாண்டில் 15,600 ரூபாய் ஆகிறது. வன்தட்டை ஒருமுறை விலை கொடுத்து வாங்கிவிடுகிறோம். ஆனால் ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது புதியதற்கு மாறுவது நல்லது என்பதால், பத்தாண்டில் இரண்டு தட்டுகள் வேண்டும். சிறிய அளவுக்கு மேகம் மலிவு. கூகுள் கணக்கில் முதல் 15 கிகாபைட் இலவசமாகவே கிடைக்கிறது. பெரிய அளவுக்கு வன்தட்டே மலிவு.

இப்படி எடை போட்டால் தட்டு ஒருமுறை இந்தப் பக்கம் சாயும். ஒருமுறை அந்தப் பக்கம் சாயும். வேகத்திலும் உரிமையிலும் வன்தட்டு வெல்லும். தீ, வெள்ளம், திருட்டு ஆகியவற்றிலிருந்து தப்புவதில் மேகம் வெல்லும். அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது? கேள்வியே பிழையானது என்பதுதான் என் கருத்து. ஏன் என்பதற்கு மூன்று தீ விபத்துகளைச் சொல்கிறேன்.

மூன்று தீ

முதலாவது, தமிழர் மறக்க முடியாத தீ. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் தீயிடப்பட்டது. சுமார் 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் எரிந்து போயின. அச்சான நூல்கள் பலவற்றுக்கு உலகில் வேறு படிகள் இருந்தன; அவற்றைத் தேடிச் சேர்க்க முடிந்தது. வேறு படி இல்லாத சுவடிகளோ என்றென்றைக்குமாகப் போயின. தீ இரண்டையும் ஒன்றுபோலத்தான் எரித்தது. மீண்டதும் மீளாததும் எனப் பிரித்தது, இன்னோர் இடத்தில் இன்னொரு படி இருந்ததா என்பது ஒன்றே. 2005இல் இணையத்தில் தொடங்கிய "நூலகம்" என்னும் மின்னூலகம், ஈழத்து நூல்களை ஆயிரக்கணக்கில் வருடிப் படி எடுத்து வருவதற்கு இந்த இழப்பின் நினைவும் ஒரு காரணம் எனலாம்.

இரண்டாவது தீ, மேகத்தில் பிடித்தது. 2021ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள், பிரான்சு நாட்டின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் என்னும் நிறுவனத்தின் ஐந்து மாடித் தரவு மையம் எரிந்து அழிந்தது. எத்தனையோ இணையதளங்கள் ஒரே இரவில் மறைந்தன. வேறு ஊரில் படி வைத்திருந்தவர்கள் சில நாட்களில் மீண்டனர். காப்புப்படியையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் சேர்த்தே இழந்தனர்.

மூன்றாவது மிக அண்மையது. 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள், தென் கொரியாவின் தேஜான் நகரிலுள்ள அரசுத் தரவு மையத்தில் லித்தியம் மின்கலன்கள் தீப்பிடித்தன. அரசு ஊழியர்கள் தம் பணிக் கோப்புகளை வைத்திருந்த மேகச் சேமிப்பு முழுவதும் அழிந்தது. அதன் அளவு 858 டெராபைட். அளவு மிகப் பெரியது என்பதால் அதற்கு வெளியே வேறு காப்புப்படி எடுக்கப்படவில்லையாம்! கணினித் துறையில் உலகின் முன்னணியில் நிற்கும் ஒரு நாட்டின் அரசுக்கே இது நேர்ந்தது என்றால், நாம் எம்மாத்திரம்?

ஒன்று நூலகம், மற்ற இரண்டும் மேகம். தொழில்நுட்பத்தில் இவற்றுக்கிடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. ஆனால் பாடம் ஒன்றுதான்: ஓரிடத்தில் மட்டும் இருக்கும் கோப்பு, காக்கப்பட்ட கோப்பு அன்று. அது இன்னும் தொலையாத கோப்பு, அவ்வளவே.

ஓலை சொல்லும் பாடம்

இதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். பனையோலை நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் செல்லரிப்பிலும் சில நூற்றாண்டுகளே தாங்கும். சங்கப் பாடல்களோ ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடையவை. அவ்வளவு காலம் தாங்கிய ஓலை ஏதும் இல்லை. தாங்கியது படி எடுக்கும் பழக்கம். ஓலை நைந்துபோகுமுன் புதிய ஓலையில் எழுதினார்கள். அந்தப் படிகள் மடங்களிலும் புலவர் வீடுகளிலும் பல ஊர்களில் பரவிக் கிடந்தன. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, பல இடங்களிலிருந்து வந்த சுவடிகளை ஒப்பிட்டே பாடத்தைத் தெளிந்தார். ஓர் ஊர்ச் சுவடியில் ஏடு முறிந்திருந்தால் மற்றோர் ஊர்ச் சுவடி கைகொடுத்தது. படி எடுப்பார் இல்லாத நூல்களின் கதி என்ன? ஐம்பெருங் காப்பியங்களுள் வளையாபதியும் குண்டலகேசியும் இன்று நமக்குச் சில செய்யுள்களாக மட்டுமே எஞ்சியுள்ளன.

உங்கள் ஊர் விவசாயியைக் கேட்டுப் பாருங்கள். அடுத்த பட்டத்துக்கு வேண்டிய விதை மஞ்சளைத் தனியே ஒதுக்கி வைக்காமல், விளைந்தது முழுவதையும் ஈரோட்டுச் சந்தைக்கு ஏற்றிவிடுவாரா? தம் விதை கெட்டுப்போனால் பங்காளி வீட்டிலோ பக்கத்துத் தோட்டத்திலோ வாங்கிக்கொள்ளலாம் என்பதும் அவருக்குத் தெரியும். இரண்டு இடம் என்ற எண்ணம் நமக்குப் புதிதன்று. கணினியில்தான் அதை மறந்துவிட்டோம்.

இதில் ஓர் எளிய கணிதமும் இருக்கிறது. ஒரு வன்தட்டு ஓராண்டுக்குள் பழுதாகும் வாய்ப்பு இருபதில் ஒன்று என்று எடுத்துக்காட்டுக்காகக் கொள்வோம். ஒன்றையொன்று சாராத இரண்டு படிகள் இருந்தால், இரண்டும் அதே ஆண்டில் கெடும் வாய்ப்பு நானூறில் ஒன்று. மூன்று படிகளானால் எண்ணாயிரத்தில் ஒன்று! ஆனால் "ஒன்றையொன்று சாராத" என்ற சொற்களை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். மூன்று வன்தட்டுகளையும் ஒரே பீரோவில் வைத்தால், ஒரு திருடனோ ஒரு வெள்ளமோ மூன்றையும் ஒருசேரக் கொண்டுபோகும். அப்போது மூன்று படி இருந்தும் ஒன்று இருந்ததற்குச் சமம். மேகத்தின் உண்மையான பெருமை இங்கேதான் இருக்கிறது. உங்கள் வீட்டுக்கு நேரும் விபத்து அதற்கு நேராது. அதற்கு நேரும் விபத்து உங்கள் வீட்டுக்கு நேராது. வன்தட்டும் மேகமும் வெவ்வேறு காரணங்களால் கெடுகின்றன என்பதால்தான் அவை நல்ல இணை.

என் தீர்ப்பு

பீட்டர் குரோக் என்னும் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பரப்பிய "3-2-1" என்ற விதியைக் கணினித் துறையினர் இன்றும் போற்றுகின்றனர். மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றுள் ஒன்று வேறோர் இடத்தில். கைபேசியிலோ கணினியிலோ இருப்பது முதல் படி. வீட்டு வன்தட்டில் இருப்பது இரண்டாவது. மேகத்தில் இருப்பது மூன்றாவது. முடிந்தது கணக்கு.

எல்லோருக்கும் உடனே மூன்றும் முடியாது என்பதை அறிவேன். ஒன்றை மட்டும் முதலில் தொடங்கலாம் என்றால் எதைத் தொடங்குவது? பெரிய தொகுப்பு உள்ள குடும்பத்துக்கு முதலில் வன்தட்டு என்பேன். அது உங்கள் கையில் இருக்கிறது. அதைத் திறக்க யாருடைய அனுமதியும் வேண்டாம். இணையம் இல்லாத நாளிலும் திறக்கும். ஆனால் படி எடுத்து முடித்ததும் கணினியிலிருந்து கழற்றி வைத்துவிட வேண்டும். 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் வான்னாக்ரை என்னும் தீநிரல் 150க்கும் மேற்பட்ட நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான கணினிகளைத் தாக்கி, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இத்தகைய நிரல்கள் கணினியோடு இணைந்திருக்கும் வன்தட்டையும் விட்டுவைப்பதில்லை. கழற்றி வைத்த தட்டை எந்த நிரலாலும் தொட முடியாது.

வன்தட்டு வாங்க வசதி இல்லையா? அப்போதும் வழி உண்டு. கோப்புகளை இரண்டு வகையாகப் பிரியுங்கள்: மீண்டும் பெறக்கூடியவை, மீண்டும் பெறவே முடியாதவை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் பலருடைய சான்றிதழ்கள் நீரில் போயின. அரசு முகாம்கள் நடத்தி அவற்றின் படிகளை மீண்டும் வழங்கியது. ஏனெனில் மூலப் பதிவு அலுவலகத்தில் இருந்தது. அதே ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய டிஜிலாக்கரில் இன்று பல சான்றிதழ்களை நேரடியாகவே பெறலாம். திரைப்படங்களையும் பாடல்களையும் எங்கிருந்தும் பெறலாம். ஆனால் உங்கள் பாட்டியின் குரலை எந்த அலுவலகம் படி எடுத்துத் தரும்? மீளப் பெற முடியாதவற்றை மட்டும் எண்ணிப் பார்த்தால், பெரும்பாலான மாணவர்களுக்கு அவை இலவச 15 கிகாபைட்டுக்குள் அடங்கிவிடும். அவற்றை மேகத்தில் ஏற்றுங்கள். நம்பிக்கையான உறவினர் ஒருவருடைய கணினியிலும் ஒரு படி கொடுத்து வையுங்கள். கோவையிலுள்ள மாமா வீட்டுக் கணினியும் உங்களுக்கு "வேறோர் இடம்"தான்.

மேகத்தில் ஏற்றும்போது இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, கணக்குக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு வையுங்கள். மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி அந்தத் தகரப் பெட்டியிலேயே போடுங்கள். இரண்டாவது, ஆதார், வங்கிப் புத்தகம் போன்றவற்றின் படங்களை ஏற்றுவதானால் கடவுச்சொல்லிட்டு மறையாக்கம் செய்த பிறகு ஏற்றுங்கள். வாடகை வீட்டில் நகையைத் திறந்து போட்டுவிட்டு யாரும் வெளியூர் போவதில்லை.

திரும்ப எடுத்துப் பார்த்தீர்களா?

எல்லாவற்றிலும் முக்கியமானதை இறுதியில் சொல்கிறேன். படி எடுத்தால் மட்டும் போதாது. அதைத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும். 1998ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிக்சார் நிறுவனத்தில் "டாய் ஸ்டோரி 2" என்னும் உயிரோட்டப் படம் தயாராகிக்கொண்டிருந்தது. யாரோ தவறுதலாக இட்ட ஒரு கட்டளையால் படத்தின் கோப்புகள் மடமடவென்று அழியத் தொடங்கின. காப்புப்படி நாடாக்களை எடுத்துப் பார்த்தால், அவை சரியாகப் பதிவாகவே இல்லை! யாரும் அதுவரை சோதித்துப் பார்த்ததில்லை. நல்வாய்ப்பாக, கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டே வீட்டிலிருந்து பணியாற்றிய கேலின் சூஸ்மன் என்னும் தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கணினியில் ஒரு படி இருந்தது. அந்தக் கணினியைப் போர்வையில் சுற்றிக் காரில் வைத்துக் கொண்டுவந்தார்கள். படம் பிழைத்தது. பெரிய நிறுவனத்தின் பெரிய ஏற்பாடு கைவிட்ட இடத்தில், வேறோர் இடத்தில் இருந்த ஒரு படி காப்பாற்றியது.

நானும் அன்றைக்கு ஒரே ஒருமுறை, வேறொரு கருவியிலிருந்து கணக்கைத் திறந்து "அப்புச்சியின் குரல் இருக்கிறதா?" என்று பார்த்திருந்தால் போதும். இரண்டு நிமிட வேலை. அதைச் செய்யாததற்கு நான் கொடுத்த விலையை நீங்கள் கொடுக்க வேண்டாம்.

ஆகவே நண்பர்களே, ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் கணினியை அதிகம் அறிந்தவர் பெரும்பாலும் நீங்கள்தான். ஆகையால் இந்தப் பொறுப்பும் உங்களுடையதே. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டுத் தேர்வுகள் முடிந்த விடுமுறை நாட்களை இதற்கு வைத்துக்கொள்ளலாம். கைபேசியில் உள்ளதை வன்தட்டுக்கு எடுங்கள். மீளப் பெற முடியாதவற்றை மேகத்துக்கு ஏற்றுங்கள். பிறகு ஒரு படம், ஒரு நிகழ்படம், ஒரு குரல் என மூன்றை வேறொரு கருவியில் திறந்து பாருங்கள். திறந்தால் சரி. திறக்காவிட்டால், மூலம் கையில் இருக்கும்போதே தெரிந்ததே என்று மகிழுங்கள்.

பெருந்துறை வட்டத்தில், சென்னிமலைக்கு அப்பால் நொய்யல் கரையில் கொடுமணல் என்றோர் ஊர் இருக்கிறது. 1985 முதல் அங்கே நடந்த அகழாய்வுகளில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. ஆதன் என்பது போன்ற பெயர்களை இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் அவற்றில் படிக்க முடிகிறது. தம் பெயர் இத்தனை காலம் நிற்கும் என்று அந்தப் பானைக்காரர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள். சுட்ட மண் தற்செயலாகக் காத்துக் கொடுத்தது. நம்முடைய காந்தப் புள்ளிகளும் எலெக்ட்ரான்களும் அப்படித் தற்செயலாக நிற்பவை அல்ல. நாம் படி எடுத்தால் நிற்கும், எடுக்காவிட்டால் நிற்காது.

இந்த இதழை மூடி வைத்ததும், உங்கள் வீட்டில் மிகவும் வயதானவரிடம் போய் உட்காருங்கள். அவர் இளமையில் செய்த தொழிலைப் பற்றிக் கேளுங்கள், பதிவு செய்யுங்கள். அன்று இரவே அதை மூன்று இடங்களில் வையுங்கள். ஒன்றையாவது திறந்து, அவருக்கே போட்டுக் காட்டுங்கள்.